புது எலிகளுக்கும் கால் வீங்கியது

பிப்ரவரி 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் நான் ஒரு வாக்கியத்தையும் முழுதாக முடித்ததில்லை. காகிதம் குறுக்கே பேசாது.

விஷயம் இதுதான். புது எலிகளுக்கும் கால் வீங்கிவிட்டது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் விவரமாக எழுதுகிறேன். பிறகு, "நீ தெளிவா சொல்லலையே" என்று சப்பைக்கட்டு கட்ட இடம் கொடுக்க மாட்டேன். நாம் இருவரும் சேர்ந்து பெயர் வாங்கிய அந்த ஆய்வில், மாஸ்ட் செல் இல்லாத வெள்ளை எலிகளை எடுத்துக்கொண்டோம். முடக்குவாதம் வந்த எலியின் சீரத்தை, அந்த ரத்தத் தெளிநீரை, அவற்றுக்கு ஏற்றினோம். சாதாரண எலிக்குக் கால் உருண்டையாக வீங்கியது. வெள்ளை எலி எதுவும் நடக்காதது போல ஓடித் திரிந்தது. உடனே, மூட்டு வீங்குவதற்கு மாஸ்ட் செல்தான் காரணம் என்று எழுதினோம். அந்தச் செல் தோலிலும் குடலிலும் மூட்டுச் சவ்விலும் ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, உடம்பு முழுக்க ரசாயன மணிகளைச் சுமந்திருக்கிறது, சீண்டினால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடுகிறது, குழாய் கசிகிறது, வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லித்தானே நீங்கள் பெரிய மனிதர் ஆனீர்கள்.

வெள்ளை எலிக்கு மாஸ்ட் செல் மட்டும்தான் இல்லை என்று நம்பினோம். அதன் உடைந்த மரபணு வேறு பலவற்றையும் கெடுத்து வைத்திருக்கிறது. அதற்கு வெள்ளணுக்களே குறைவு. மூட்டை வீங்க வைக்க அங்கே ஆள் போதவில்லை, அவ்வளவுதான். இங்கே எங்கள் அடித்தள ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கறுப்பு எலிகளுக்கு மாஸ்ட் செல் மட்டும் இருக்காது, மற்றதெல்லாம் சரியாக இருக்கும். அவற்றுக்கு அதே சீரத்தை ஏற்றினோம். சாதாரண எலிக்கு எப்படி வீங்கியதோ அப்படியே வீங்கியது.

ஆகவே மாஸ்ட் செல்லை ஒழிக்கும் உங்கள் மாத்திரை பாப்பாவின் வாதம் பிடித்த மூட்டைக் காப்பாற்றாது. அந்த மருந்துச் சோதனையிலிருந்து அவளை எடுத்துவிடுங்கள். பழைய மருந்து கசந்தாலும் அதற்கே திரும்பட்டும். காது கேளாதவர்களுக்காகக் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கையால் பேசுகிற பெண் அவள். விரல் கோணிவிட்டால் அவளுக்கு வேலை மட்டும் போகாது.

நான் சொன்னால் கேட்க மாட்டாள். நான் வீட்டை விட்டு வந்தவள், நீங்கள் கூட இருந்தவர். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 25

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். அதுவாக இருந்தால் தேவலை.

நீ இங்கிருந்து போனபோது வீட்டைக் கேட்கவில்லை, ஆய்வுக்கூடத்தில் பங்கு கேட்கவில்லை. "பரவாயில்லை, பெருந்தன்மையான பொம்பளை" என்று எங்கள் டீன்கூடச் சொன்னார். இப்போதுதான் புரிகிறது, நீ வேறு ஒன்றைக் கேட்கக் காத்திருந்தாய். என் வேலையை அடியோடு சாய்க்க வேண்டும், அதற்கு எலி வளர்த்திருக்கிறாய்.

ஒரு கூட்டில் நாலு எலிக்குக் கால் வீங்கியதும் பேனாவைத் தூக்கிவிட்டாயே. சீரம் எத்தனை நாள் பழசு? ஊசி போட்டது யார்? அந்த அடித்தளத்தில் குளிர்பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா? நாம் வெறும் வெள்ளை எலியை மட்டும் வைத்து எழுதவில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டாய். எலும்பு மஜ்ஜையிலிருந்து மாஸ்ட் செல்லை வளர்த்து, அதே வெள்ளை எலிக்குத் திரும்ப ஏற்றினோம். அப்போது அதற்கும் கால் வீங்கியது. வீங்கிய அன்றைக்கு எலி அறையில் முகமூடியோடு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தது நீதான்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். மாத்திரை ஆரம்பித்த பிறகு காலையில் விரல் விறைப்பதே இல்லை என்கிறாள். போன வாரம் ஒரு விபத்து வழக்கில் நாள் முழுக்க நின்று கையால் பேசிவிட்டு வந்து, "எங்கப்பா மாத்திரைப்பா, சும்மாவா?" என்று என் தோளில் குத்தினாள். அந்தக் குத்தில் வலு இருந்தது. அதை வந்து பார்க்காமல் எலியின் காலை அளந்துகொண்டிருக்கிறாய்.

அவள் சின்னவளாக இருந்தபோது மைக்ராஸ்கோப்பில் மாஸ்ட் செல்லைப் பார்த்துவிட்டு, "இது ஏன் இவ்ளோ சாப்பிட்டிருக்கு?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? முதன்முதலில் அந்தச் செல்லைப் பார்த்துப் பெயர் வைத்தவருக்கும் அதே எண்ணம்தான் வந்ததாம், தின்று கொழுத்த செல் என்று. அன்றைக்கு நீ சிரித்தாய். நீ சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அதுதான் கடைசி.

அவளைக் குழப்பாதே.

பாப்பாவின் அப்பா


மார்ச் 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாலு எலி அல்ல. மூன்று முறை செய்துவிட்டோம். ஊசி போட்டது நான் அல்ல, இங்கே என்னோடு வேலை செய்யும் இளையவள். அவளை நான் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவேன். எந்தக் கூட்டில் எந்த எலி என்று தெரியாமல்தான் அவள் கால்களை அளந்தாள். உங்களைத் தெரியாதவள், உங்கள் மேல் கோபமும் இல்லாதவள். கடைசியில் நான் கூட்டுச் சீட்டைத் திருப்பிக் காட்டியபோது, "என்னக்கா, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு?" என்றாள். சீட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்தேன். சந்தோஷப்பட்டேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் என் பெயரும்தான் இருக்கிறது.

பாப்பாவுக்கு விரல் விறைக்கவில்லை என்கிறீர்கள். அந்தச் சோதனையில் எல்லோருக்கும் கூடவே ஸ்டீராய்டும் கொடுக்கிறார்களே, அதை ஏன் எழுதவில்லை? வீக்கத்தை அது அடக்கும், நீங்கள் பெயரைத் தட்டிக்கொண்டு போவீர்கள்.

திரும்ப ஏற்றிய கதைக்கு வருகிறேன். அந்தச் செல்கள் முதிர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் எடுத்தால் குப்பியில் மஜ்ஜையின் மற்ற செல்களும் கலந்திருக்கும். அதனால்தான் ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் போட்டுப் பார்ப்போம். மாஸ்ட் செல்லாக இருந்தால் மணிகள் ஊதாவாக மாறும். அது என் வேலை. அந்த முறை பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்தேன். கருத்தரங்கு நெருங்குகிறது என்று நீங்கள் குப்பியை முன்னதாகவே எடுத்துவிட்டீர்கள். "பாத்துட்டேன், எல்லாம் ஊதாதான்" என்றீர்கள். நம்பினேன். அந்த ஸ்லைடு உங்கள் மர அலமாரியில்தான் இருக்கும், நீங்கள் எதையும் எறிய மாட்டீர்கள். எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கறுப்பு எலிகளின் வயிற்றிலும் சாதாரண எலிகளின் வயிற்றிலும் குடல் கிருமியை விட்டுப் பார்த்தோம். மாஸ்ட் செல் இருந்த எலிகள் பெரும்பாலும் தேறிவிட்டன. இல்லாதவை முதலில் சுருண்டன. கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்களுக்குக் குரல் கொடுக்க வேண்டியவன் அங்கே இல்லை. நாம் வில்லன் என்று எழுதியவன்தான் வாசலில் நின்றிருக்கிறான். போதாக்குறைக்கு, உங்கள் மாத்திரை அடிப்பது வெள்ளை எலியில் உடைந்திருந்த அதே மரபணுவின் வேலையை. வெள்ளணுக்களையும் அது விட்டுவைக்காது. வீங்கிய மூட்டில் கிருமி சுலபமாகத் தங்கும் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

மாதக் கடைசியில் கட்டுரையை அனுப்புகிறேன். அதற்குள் அவளை எடுத்துவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

அலமாரியைத் திறந்தேன். ஸ்லைடு இருந்தது. பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று எழுதப் போவதில்லை. நீ அதை எடுத்து எங்கேயாவது ஒட்டிவிடுவாய். அன்றைக்கு அவசரத்தில் ஸ்லைடின் ஓர் ஓரத்தை மட்டும் பார்த்தேன், அந்த ஓரம் ஊதாவாக இருந்தது. இதற்கு மேல் கேட்காதே.

நீ சொல்வது சரி என்று நான் சொல்லவில்லை. சரியாக இருக்கலாம் என்கிறேன். உனக்கு இதுவே பெரிய விருந்தாக இருக்கும்.

ஒரு யோசனை சொல்கிறேன், கொதிக்காமல் படி. பாப்பாவை நான் மாத்திரையிலிருந்து எடுத்துவிடுகிறேன். இந்த மாதமே. பதிலுக்கு, மருந்துச் சோதனை முடியும் வரை, அதாவது வருடக் கடைசி வரை, உன் கட்டுரையை நிறுத்தி வை. சோதனை முடிந்ததும் மருந்து பலிக்கவில்லை என்று அதுவே சொல்லிவிடும். மருந்து தோற்றால் அது சாதாரண விஷயம், ஆயிரம் மருந்து தோற்கிறது. நீ முந்திக்கொண்டால் நான் ஏமாற்றுக்காரன் ஆவேன். என் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாவற்றையும் விடு, பாப்பா அந்தச் சோதனைக்கு ஆள் சேர்க்கப் பேசியிருக்கிறாள். "எங்கப்பா கண்டுபிடிச்சது" என்று கையாலும் வாயாலும் சொல்லியிருக்கிறாள். அவளை நடுத்தெருவில் நிறுத்தாதே.

மற்ற நோயாளிகளைப் பற்றிக் கேட்பாய். அவர்களை டாக்டர் மாதாமாதம் பார்க்கிறார், ரத்தம் எடுக்கிறார். தலை போகிற காரியம் இல்லை.

யோசித்து எழுது.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 16

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எலி அறைக்குப் போய்க் கூடுகளைக் கழுவினேன். என் வேலை இல்லைதான். கையை எங்காவது வைத்திருக்க வேண்டியிருந்தது.

சரி.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இன்னும் என்ன எழுத? உங்களை ஏமாற்றுக்காரர் ஆகாமல் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நான் "முடியாது" என்றால் நீங்கள் முறுக்கிக்கொண்டு பாப்பாவை அந்தச் சோதனையிலேயே விட்டுவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். மகளைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுகிறீர்கள், நானும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை, கண்ணாடிக்காரியிடம் இன்னும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "எதுக்குக்கா? அதான் தெரிஞ்சு போச்சே" என்றாள். கூட்டுச் சீட்டுகளை அடுக்கப் போய்விட்டேன்.

பாப்பாவிடம் என்ன சொல்லி நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா


மே 7

பாப்பாவின் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் வைத்தே சொன்னேன். "உன் உடம்புக்கு அது ஒத்துக்கலை பாப்பா, பழைய மருந்துக்கே போயிடு." "நல்லாத்தானேப்பா இருக்கேன்?" என்றாள். "சில பேருக்குப் போகப் போகத்தான் தெரியும்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சில்லாமல் முகத்தைப் படிப்பது அவள் தொழில் அல்லவா, எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு "சரிப்பா" என்றாள்.

ஆக, நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். நீயும் காப்பாற்று.

ஒன்று சொல்ல வேண்டும். மே பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வருகிறது. அதற்கு நன்றி என்று வைத்துக்கொள்.

பாப்பாவின் அப்பா


ஜூலை 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்களுக்குத் தூக்கம் வருகிறதாக்கும். நல்லது.

பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன், வழக்கம்போல ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பழைய மருந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அந்த மருந்து அவளுக்குக் குமட்டும், சாப்பாட்டை ஒதுக்குவாள். ஒதுக்குகிறாளா? நீங்கள் ஒரே மேசையில் உட்காருகிறவர், பார்த்துச் சொல்லுங்கள்.

சோதனை நடத்தும் டாக்டரிடம் என்ன காரணம் சொன்னீர்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லை. அவருக்குத் தெரிந்தால் மற்றவர்களையாவது கவனமாகப் பார்ப்பார் என்று ஒரு நப்பாசை. அவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ. கூட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் நினைப்புத்தான் வருகிறது.

கண்ணாடிக்காரி இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வேறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று கேள்வி.

பதில் எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா


செப்டம்பர் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்து இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ கடிதத்தை வைத்துவிட்டு ஓடாமல் இருக்க.

வலது மணிக்கட்டில் சீழ் பிடித்துவிட்டது. சமையலறையில் டப்பா மூடி கீறிய சின்னக் காயம், அதுவே வழியாகிவிட்டது. நான்கு நாள் வீக்கத்தை வாதம் என்றே நினைத்திருக்கிறாள். காய்ச்சல் பெரிதாகக் காட்டவில்லை, ஸ்டீராய்டு மறைத்துவிட்டது. திறந்து கழுவினார்கள், இரண்டு முறை. எலும்பு முனை அரித்திருக்கிறது. மணிக்கட்டு இனி மடங்காது, திரும்பாது. விரல்கள் கொஞ்சம் அசையும் என்கிறார்கள்.

அவள் மாத்திரையை நிறுத்தவே இல்லை.

நான் அவளிடம் மட்டும்தான் சொன்னேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவளாகவே போய் விலகிவிடுவாள் என்று விட்டுவிட்டேன். அவள் போயிருக்கிறாள். டாக்டர் ரத்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்துக்கலைன்னு யாரும்மா சொன்னது? எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நேற்று சொன்னாள். "பொண்ணுக்கே மருந்து குடுத்துப் பேர் வாங்குறாருன்னு யாராவது பேசுவாங்கன்னு நீங்க பயப்படுறீங்கன்னு நெனச்சேம்ப்பா. அதான் உங்களுக்குச் சொல்லாம சாப்பிட்டேன். கடைசியில நல்லாகிட்டேன்னு காட்டினா சந்தோஷப்படுவீங்கன்னு."

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை எலி, குப்பி, ஸ்லைடு, எல்லாம். அவள் அழவில்லை. "உங்களுக்கு எப்போப்பா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். ஏப்ரலில் என்றேன். மே மாதம் சாப்பாட்டு மேசையில் என் முகம் எப்படி இருந்தது என்று அவள் யோசித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்து, "அம்மாவுக்கு?" என்றாள்.

உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உன் எலிகள், உன் கடிதம் எதையும் சொல்லவில்லை. நானே ஸ்லைடைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னேன். இந்த வயதில் அவளுக்கு நம்ப ஒரு ஆளாவது மிச்சம் வேண்டும், அது நீயாக இருந்துவிட்டுப் போ. உனக்கு நான் உருப்படியாகக் கொடுத்தது இது ஒன்றாகத்தான் இருக்கும். மறுத்துவிடாதே.

நேற்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சோதனையை நிறுத்திவிட்டார்கள். பழைய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டேன், உன் கையொப்பம் கேட்டு வரும். உன் கட்டுரையை அனுப்பு.

பாப்பாவின் அப்பா


அக்டோபர் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

கையொப்பம் போட்டு அனுப்பிவிட்டேன். கட்டுரையும் போய்விட்டது. கண்ணாடிக்காரியின் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். அவள் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

நீங்கள் கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. கடிதம் வந்த அன்றே பாப்பாவுக்கு எழுதினேன். எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும், உங்களுக்குச் சொன்னவளே நான்தான், ஏப்ரலில் நீங்கள் விலை பேசினீர்கள், நான் "சரி" என்றேன். "உன்னைக் காப்பாற்றத்தான்" என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். காப்பாற்றவில்லையே. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருப்பாள். இதைப் புரிந்துகொள்ள நம் இருவருடைய படிப்பும் போதவில்லை. உங்களைத் திட்டி எழுத நிறைய வைத்திருந்தேன். எதை எடுத்தாலும் பாதி என் மேலும் விழுகிறது. ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நேரில் வருகிறேன் என்றும் எழுதினேன். அதற்குப் பதில் வந்தது. எழுத்தில் அல்ல, ஒரு வீடியோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் பேசியிருக்கிறாள். வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு அந்தச் சைகை மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவள் அதைக் கற்றுக்கொண்ட வருடங்களில் நான் எலி அறையில் இருந்தேன். அது அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாள்.

இங்கே காது கேளாதோர் பள்ளியில் ஒரு டீச்சரிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்னைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள எழுதிக்காதீங்க. இதோட நிறுத்துங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, நம்புறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். இப்போ வராதீங்க."

அதனால் இனி உங்களுக்கு எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

கடைசியாக இன்னும் ஒரு சொல் சொல்லியிருக்கிறாளாம். அது மட்டும் டீச்சருக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு கையும் வேண்டுமாம்.

பாப்பாவின் அம்மா